மடித்த நுனி

அந்த வீட்டுக்குள் காலை வைத்ததும், வீட்டுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. சுவரில், கதவில், ஜன்னல் சட்டத்தில், குழாயில், தரையில் என்று கண் போகிற இடமெல்லாம் விரல் நீளத்துக்கு நீல டேப் துண்டுகள். கூடத்தில் மட்டும் ஐந்து இருந்தன.

"டீச்சர், வீட்டுக்குக் காய்ச்சலும் இருக்கான்னு தொட்டுப் பாக்கட்டுமா?" என்றேன்.

"தொட்டுப் பாரு. பெயிண்ட் ஈரமா இருந்தா கையில ஒட்டும். அப்பவாவது பேச்சு நிக்குதான்னு பாப்போம்."

டீச்சர் என்று நான் சொல்வது என் முதலாளியை. இருபத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, ஒரு நாள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். பரீட்சை ஹாலில் பிட்டு அடிக்கிறவனை முதுகைப் பார்த்தே பிடித்தவருக்குத் திருடனைப் பிடிப்பது பெரிய விஷயமில்லை என்பார். எனக்கு அவர் வைத்த பெயர் வாயாடி. அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா இருக்கிறது.

எங்களைக் கூட்டி வந்தவர் பெயிண்டர். ஐம்பதைத் தாண்டியவர். புருவத்தில் இருப்பது நரையா சுண்ணாம்பா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். நேற்று ஆபீசுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "என் பேரைக் காப்பாத்திக் கொடுங்கம்மா" என்று மட்டும்தான் சொன்னார். மீதிக் கதையை இப்போது கூடத்தில் நின்றுகொண்டு மெதுவான குரலில் சொன்னார்.

"வீடு முடியற நேரத்துல இது வழக்கம்தாம்மா. சூப்பர்வைசர் சுத்தி வருவாரு. எங்க குறை கண்ணுல படுதோ அங்க ஒரு டேப் ஒட்டிட்டுப் போவாரு. நாங்க அதைச் சரி பண்ணிட்டு டேப்பை எடுத்துருவோம். வீட்ல ஒரு டேப்பும் இல்லைன்னா வேலை முடிஞ்சுது. வீட்டுக்காரர் கையில சாவியைக் கொடுத்துட்டு அவங்கவங்க கிளம்ப வேண்டியதுதான்."

"இங்க முடியலையா?" என்றார் டீச்சர்.

"பத்து நாளைக்கு முன்னாடியே கடைசி டேப்பை நான்தான் எடுத்தேன். மறுநாள் காலைல கதவைத் திறந்தா புதுசா பன்னெண்டு. அதையும் பாத்து முடிச்சோம். அடுத்த நாள் மறுபடி பன்னெண்டு. இப்படியே ஒம்பது நாளா நடக்குது."

"டேப் ஒட்டின இடத்துல நிஜமாவே குறை இருக்கா?"

"ஒண்ணுமே இல்லம்மா. நல்லா இருக்கிற சுவரைத் தேய்ச்சு மறுபடி அடிக்கிறேன். டேப் இருந்தா கை வைக்கணும்னு கான்ட்ராக்டர் உத்தரவு." மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினார். "இந்த டேப்பு பெயிண்டரோட சாமான். ரோலை நான் மாடிப்படிக்குக் கீழதான் வச்சிட்டுப் போறேன். சாயங்காலம் வீட்டுக்காரர் பூட்டிட்டுப் போற கதவைக் காலைல முதல்ல வந்து திறக்கிறதும் நான்தான். மத்தவங்க எல்லாம் முழு வேலைக்கும் மொத்தமாத் தொகை பேசிக்கிட்டு வந்தவங்க. நாள் கூலிக்கு நிக்கிறது நான் ஒருத்தன். வேலையை இழுத்தடிக்கிறது நான்தான்னு கான்ட்ராக்டர் முடிவு கட்டிட்டாரு. சனிக்கிழமையோட நின்னுக்கோன்னுட்டாரு."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"இந்த வேலை போனாப் போகுதும்மா. மத்த சைட்டுக்கெல்லாம் போன் போட்டு, இவன் ஏமாத்துறவன், சேக்காதீங்கன்னு சொல்லிட்டாரு. முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தர் வீட்லயும் நான் இந்த வார்த்தை கேட்டதில்ல." கண்ணைத் துடைத்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும் என்று, கையிலிருந்த, சுவர் தேய்க்கிற உப்புத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புத்தாளைப் பற்றி ஒரு ஜோக் வந்தது, விழுங்கிவிட்டேன்.

"வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?"

"சொல்லக் கூடாதுன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரும்மா. அவர் சம்சாரம் உடம்பு முடியாம படுத்த படுக்கையா இருக்காங்க. சாரே பாவம். அவரைப் போய் எதுக்கு நோகடிக்கணும்?"

எட்டரை மணிக்கு வேலைச் சத்தம் தொடங்கியது. தச்சர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ்காரர், கண்ணாடி மாட்டுகிறவர் என்று ஐந்து பேர். எல்லோரும் நல்லா இருக்கிற வேலையை மறுபடி பார்க்க வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னாலேயே வீட்டுக்காரர் வந்தார். அறுபது வயது இருக்கும். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார், ஆனால் ஒரு பொத்தானைத் தப்பாக மாட்டியிருந்தார்.

பிளம்பர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அம்மாவுக்கு எப்படி இருக்கு சார்?"

"இன்னிக்குப் பரவாயில்லப்பா. ரெண்டு வாய் சாப்பிட்டா."

"சாப்பிட்டாலே பாதி சரியாயிடும் சார்" என்றார் தச்சர்.

நாங்களும் வீடு கட்டப் போகிறோம், பெயிண்டர் வேலையைப் பார்க்க வந்தோம் என்று டீச்சர் ஒரு பொய் சொன்னார். வாத்தியார் பொய்க்கு ஒரு தனி கௌரவம் உண்டு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வீட்டுக்காரருக்கு அதற்கே முகம் மலர்ந்துவிட்டது. வாங்க வாங்க என்று அவரே வீட்டைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார்.

"இந்த வாசல் கதவைப் பாருங்க. எட்டிப் பாக்கிற கண்ணாடி ரெண்டு இருக்கும். மேல இருக்கிறது எனக்கு. கீழ இருக்கிறது அவளுக்கு. அவ நாலு அடி பத்து அங்குலம். இருபத்தெட்டு வருஷமா வாடகை வீட்ல ஸ்டூல் போட்டு ஏறித்தான் வெளிய யாருன்னு பாப்பா."

சமையல் மேடை மூன்று அங்குலம் தாழ்வாக இருந்தது. தச்சர் அந்தம்மாவை நிற்க வைத்து முழங்கையிலிருந்து அளவெடுத்தாராம். அலமாரியின் மேல் தட்டு அவர் கை எட்டும் உயரத்தில். கைகழுவும் தொட்டி, ஸ்விட்ச், ஜன்னல் கொக்கி எல்லாமே ஒரு ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. நான் ஐந்து அடி பதினொன்று. அந்த வீட்டில் நான் ஒரு தப்பு மாதிரி நின்றேன்.

"குனிஞ்சு குனிஞ்சு உங்களுக்கு முதுகு வலிக்காதா சார்?" என்றேன்.

"வலிக்கட்டுமே. அவதானே நாளெல்லாம் நிக்கப் போறா."

அப்போது அவர் பையிலிருந்த போன் அடித்தது. எடுத்தார். பார்க்காமலே சத்தத்தை நிறுத்தி, சமையல் மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கீழ் டிராயர் எப்படி மூடுகிறது என்று காட்டினார். டீச்சர் டிராயரைப் பார்க்கவில்லை. வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அது எதுவென்று நான் கவனித்திருந்தால் இந்தக் கதையில் எனக்கு இவ்வளவு அவமானம் வந்திருக்காது.

வீட்டுக்காரர் டைல்ஸ்காரரிடம் போனதும் டீச்சர் என்னை மாடிக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"கதவுக்குப் பின்னாடி ஒரு டேப் இருக்கு பாரு. அது சூப்பர்வைசர் நேத்து எல்லார் கண்ணு முன்னாலயும் ஒட்டினதுன்னு பெயிண்டர் சொன்னார். அதைப் பிச்சு எடு."

நகத்தால் சுரண்டினேன். ஒரு ஓரம் வர அரை நிமிஷம் ஆனது, நகமும் கொஞ்சம் போனது.

"இப்போ குழாய்க்கு மேல இருக்கிறதை எடு. அது ராத்திரியோட ராத்திரியா முளைச்ச பன்னெண்டுல ஒண்ணு."

இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் சமர்த்தாக வந்துவிட்டது.

"அது ஏன் கஷ்டப்பட்டுது, இது ஏன் சுளுவா வந்துது?"

உற்றுப் பார்த்தேன். முதல் துண்டைக் கையால் கிழித்திருந்தார்கள், முழுக்க ஒட்டியிருந்தது. இரண்டாவதைக் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். அதோடு ஒரு நுனியைக் கால் அங்குலம் உள்பக்கமாக மடித்துவிட்டிருந்தார்கள். பிடித்து இழுக்க ஒரு சின்ன வால். கூடத்தில் இருந்ததையும் படுக்கையறையில் இருந்ததையும் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே மடிப்பு.

"பெயிண்டர் இப்படி மடிப்பாரா?"

"மடிக்க மாட்டார் டீச்சர். ஒரு நாளைக்கு நூறு துண்டு ஒட்டறவருக்கு மடிக்க ஏது நேரம்? யார் மடிப்பாங்கன்னா..."

யார் மடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானே நாலு மாசம் மடித்திருக்கிறேன். அப்பா கையில் ஊசி குத்தி, அது அசையாமல் இருக்க மேலே டேப் ஒட்டுவோம். தினம் அதை மாற்ற வேண்டும். அவர் தோல் வெற்றிலை மாதிரி ஆகிவிட்டிருந்தது. நுனியைச் சுரண்டினால் தோலும் சேர்ந்து வந்துவிடும். அதனால் ஒட்டும்போதே நுனியை மடித்துவிடு தம்பி, எடுக்கும்போது வலிக்காது என்று நர்ஸம்மா ஒருவர் சொல்லிக் கொடுத்தார். அப்பா போய் ரொம்ப நாள் வரைக்கும், கடையில் பார்சல் ஒட்டினால்கூட என் கை தன்னால் நுனியை மடித்தது.

டீச்சருக்கு அது தெரியும். என்னைப் பார்க்காமல் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோயாளி பக்கத்துல இருந்த கை டீச்சர்" என்றேன். "வீட்டுக்காரர்தான். சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் கடைசியாப் பூட்டறதும் அவர்தானே."

"தன் வீடு முடியக் கூடாதுன்னு ஒருத்தர் ஏன் நினைக்கணும்?"

"அந்தம்மா சொல்லியிருப்பாங்க. இந்த வீட்டை முடிச்சுப் பாத்துட்டா நிம்மதியாப் போய்ச் சேருவேன்னு. அதான் முடிய விட மாட்டேங்கிறார். வீடு முடியாத வரைக்கும் அவங்க இருப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை."

நான் சொன்னதை நானே நம்பினேன்.

"பாதி மார்க்" என்றார் டீச்சர்.

"மீதி எங்க போச்சு?"

"பன்னெண்டு டேப்பும் யார் யார் வேலைன்னு எண்ணினியா? தச்சருக்கு ரெண்டு. பிளம்பருக்கு ரெண்டு. எலக்ட்ரீஷியன், டைல்ஸ், கண்ணாடி, பெயிண்ட், ஆளுக்கு ரெண்டு. வீடு முடியக் கூடாதுன்னா ஒரு டேப் போதும், ஒருத்தர் வந்தாப் போதும். இவருக்கு ஆறு பேரும் வரணும். ஒருத்தரையும் வராம அவங்க வீட்டோட நிறுத்த மனசு இல்ல." பெருமூச்சு விட்டார். "வா. எனக்கும் இது தப்பாப் போனா நல்லா இருக்கும்னுதான் இருக்கு."

வீட்டுக்காரர் மாடிப் படுக்கையறையில் தனியாக நின்று, ஜன்னல் கொக்கியை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் அந்த நீலத் துண்டை அவர் முன்னால் நீட்டினார். பொய் எல்லாம் விட்டுவிட்டு, தான் யார், எதற்கு வந்தோம் என்று நாலே வாக்கியத்தில் சொன்னார். அவர் மறுக்கவே இல்லை.

"நான்தான் ஒட்டறேன்" என்றார். "என் வீடுதானே. யாருக்கு என்ன நஷ்டம்?"

எனக்கு மனசு கேட்கவில்லை. முந்திக்கொண்டு பேசிவிட்டேன். "சார், தப்பா நினைக்காதீங்க. எங்க அப்பாவையும் நான் இப்படித்தான் பாத்துக்கிட்டேன். நாளைத் தள்ளாதீங்க. அவங்களை நாளைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. இந்த மேடை, அந்தக் கதவு எல்லாம் அவங்க ஒரு தடவை கண்ணால பாக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் ஏதோ தூரத்திலிருந்து பேசுவது மாதிரி பார்த்தார். டீச்சர் என் தோளில் கை வைத்தார்.

"எத்தனை நாள் ஆச்சு சார்?" என்று அவரிடம் கேட்டார்.

கீழே தச்சர் மரம் இழைக்கிற மெஷினைப் போட்டார். அந்தச் சத்தம் நின்றதும் வீட்டுக்காரர் சொன்னார்.

"பதினாலு நாள்."

பேசியே பிழைக்கிறவன் நான். அந்த நிமிஷம் என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"பொண்டாட்டி படுக்கையில இருக்கிறவர் போன் அடிச்சா யாருன்னு பாப்பார்" என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். "நீங்க கவுத்து வச்சீங்க."

"வைத்தியத்துக்குப் பொண்ணு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருந்தோம். அங்கேயே முடிஞ்சுபோச்சு. அங்கேயே எல்லாம் பண்ணிட்டோம். அப்பா எங்கூட இருந்துடுங்கன்னு பொண்ணு அழுதா. வீட்டு வேலை இருக்குன்னு சொல்லிட்டு நாலாம் நாளே வந்துட்டேன். இவங்ககிட்டச் சொல்லத்தான் வந்தேன். சத்தியமாச் சொல்லத்தான் வந்தேன்." ஜன்னல் கொக்கியை இறுகப் பிடித்துக்கொண்டார். "உள்ள வந்ததும் பிளம்பர் கேட்டார், அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு. நல்லா தூங்கினான்னு வாயில வந்துடுச்சு. அவர் சந்தோஷப்பட்டார். அப்புறம் தச்சர் கேட்டார். அவருக்கும் சொன்னேன். அன்னிக்குப் பூரா அவ தூங்கிக்கிட்டு இருந்தா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் அவருக்கு முன்னால் நான் அழுதிருப்பேன்.

"சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியும்மா. போன் பண்ணி, போயிட்டாளேன்னுதான் சொல்றாங்க. இங்க வர்ற ஆறு பேருக்கு மட்டும்தான் அவ இருக்கா. காலைல வந்தா ரெண்டு வாய் சாப்பிடறா, கொஞ்சம் சிரிக்கிறா. இவங்களும் கிளம்பிட்டா அவளை யார் எங்கிட்ட விசாரிப்பாங்க? மூணு அங்குலம் குறைச்ச மேடையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

டீச்சர் அந்த நீலத் துண்டை விரலில் சுற்றினார், மறுபடி பிரித்தார். ஆறு வருஷத்தில் அவர் தடுமாறி நான் பார்த்தது அப்போதுதான்.

"சார், யாருக்கு நஷ்டம்னு கேட்டீங்க. உங்க பெயிண்டருக்குத்தான்." கான்ட்ராக்டர் சொன்னது, சனிக்கிழமை, மற்ற சைட்டுக்குப் போன் போனது எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்குத் தெரியாதும்மா. இப்பவே போன் பண்றேன். எனக்குத்தான் சுவர் பிடிக்கல, நான்தான் ஒட்டினேன்னு சொல்றேன்."

"ஏமாத்துறவர்ங்கிற பேர் போயி வேலை தெரியாதவர்ங்கிற பேர் வரும். அந்தச் சுவர்ல ஒரு குறையும் இல்ல சார்."

"அப்போ சும்மா ஒட்டினேன்னு சொன்னா..."

"ஏன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க" என்றார் அவர். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் அவசரப்படுத்தவில்லை. டீச்சரும் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டார். இந்த வேலையில் குற்றவாளியைப் பிடித்தால் எனக்கு ஒரு துள்ளல் வரும். அன்றைக்கு, கண்டுபிடித்திருக்கவே வேண்டாம் என்று இருந்தது. ஆனால் கீழே ஒரு மனுஷன் முப்பத்தோரு வருஷத்துப் பேரைக் கையில் பிடித்துக்கொண்டு நல்ல சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வீட்டுக்காரர் எழுந்தார். முதலில் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். டேப்பை ஒட்டினது நான்தான், பெயிண்டர் மேல ஒரு தப்பும் இல்லை, வேலை பிரமாதம், சைட்டுக்கெல்லாம் நீங்களே திரும்பக் கூப்பிட்டுச் சொல்லணும் என்று திடமாகச் சொன்னார். ஏன் ஒட்டினீங்க என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. "அதைக் கீழ போய்ச் சொல்றேன். அவங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்று போனை வைத்தார்.

படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்றார். டீச்சர் அவர் கையைப் பிடிக்கவில்லை, பக்கத்திலேயே வந்தார். கூடத்தில் ஆறு பேரையும் கூப்பிட்டார். மெஷின்களை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்கள். பெயிண்டர் மட்டும், தன்னைத்தான் அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்து, பின்னால் ஒதுங்கி நின்றார்.

"அவ இறந்துட்டா" என்றார் வீட்டுக்காரர். "ரெண்டு வாரம் ஆச்சு. உங்ககிட்ட தினமும் பொய் சொன்னேன். நீங்க எல்லாரும் தினம் வரணும்னுதான் டேப்பை நானே ஒட்டினேன். என்னால பெயிண்டருக்குக் கெட்ட பேர். என்னை மன்னிச்சிடுங்க."

தச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெயிண்டர்தான் முன்னால் வந்தார். ஒன்பது நாளாக அவமானப்பட்ட மனுஷன். ஏதாவது சுடச்சுடக் கேட்பார், கேட்கட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பெயிண்ட் கையோடு பிடித்துக்கொண்டார்.

"எங்ககிட்ட ஏன் சார் சொல்லல?" என்றார். "சொல்லியிருந்தா நாங்க ஆறு பேரும் வந்திருப்போமே. அம்மாவை அப்படித் தனியா அனுப்பியிருக்க மாட்டோமே."